டெக்டானிக்: ஒரு தச்சுச் சொல்லும் கற்பனை வரைபடமும்

கற்பனை உலகம் ஒன்றுக்கு வரைபடம் போட உட்காருபவர்கள் சீக்கிரமே ‘பிளேட் டெக்டானிக்ஸ்’ என்ற சொல்லிடம் வந்து சேர்வார்கள். புவியின் வெளி ஓடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்னும் கொள்கையின் பெயர் அது. மலையை எங்கே வைப்பது, தீவுகளை எங்கே தூவுவது என்பதற்கெல்லாம் பதில் அங்கேதான் இருக்கிறது. பலர் அதற்குக் ‘கண்டங்கள் நகர்வது’ என்றே பொருள் கொள்கிறார்கள். ஆனால் ‘டெக்டானிக்’ என்ற சொல்லுக்குள் நகர்வே கிடையாது.

கிரேக்கத்தில் ‘டெக்டோன்’ என்றால் தச்சர், கட்டுநர். ‘ஆர்க்கிடெக்ட்’டின் பின்பாதியும் இதுதான்: தலைமைத் தச்சர். சமஸ்கிருதத் ‘தக்ஷன்’ இதற்கு உடன்பிறப்பு. நம் ‘தச்சன்’ அதிலிருந்து பிராகிருத வழியாக வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அப்படியானால் டெக்டானிக்கும் தச்சும் ஒன்றுவிட்ட சொந்தம். தமிழுக்கும் அது புதிய விருந்தாளி இல்லை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த ஒற்றைச் சக்கரத்தைப் புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் உவமையாக்குகிறார்.

பாறைகள் மடிந்தும் முறிந்தும் பொருந்தியும் கிடக்கும் அமைப்பைச் சொல்ல நிலவியலாளர்கள் இந்தத் தச்சுச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நகர்வைப் பேசியது கண்டப் பெயர்ச்சிக் கொள்கை. 1912இல் ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகனர் முன்வைத்தது. கண்டங்களை எது நகர்த்துகிறது என்பதை அவரால் நிறுவ முடியவில்லை. 1960களில் கடல்தரை விரிவது தெரியவந்த பிறகுதான் ‘பிளேட்’ வந்து சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தட்டுப் புவிப்பொறையியல்’ என்ற கலைச்சொல் இருக்கிறது. ‘பொறை’க்குப் பாரம், குன்று என்ற பொருள்கள் உண்டு என்பதால் பொருத்தமானதே. அன்றாடம் எழுத அது கனம். ‘கண்டத்தட்டு’ எளிது, ஆனால் ஆளைத் தவறான வழியில் விடும். பசிபிக் தட்டு கிட்டத்தட்ட முழுக்கக் கடல்தரை. அதை எப்படிக் கண்டம் என்பது? தட்டுக்கு ‘நிலத்தட்டு’, கொள்கைக்கு ‘நிலத்தட்டியல்’ என்பது என் தேர்வு. ‘தகட்டோடு’ என்றும் எழுதுகிறார்கள். ‘ஓடு’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல், ஏனென்றால் அதில் முட்டையோட்டின் வளைவு இருக்கிறது. கோளத்தின் மேல் தட்டையான தட்டு எது?

வரைபடக்காரர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் கண்டத்தட்டு என்ற அந்த எண்ணத்தில்தான். கடற்கரையையே தட்டின் விளிம்பாக்கிவிடுகிறார்கள். கண்டத்தைச் சுற்றிலும் மலை வேலி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. தென் அமெரிக்காவைப் பாருங்கள். மேற்குக் கரையில் நாஸ்கா என்ற கடல்தரைத் தட்டு அடியில் அமிழ்வதால் ஆண்டீஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. கிழக்குக் கரையில் தட்டு முடியவே இல்லை. அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் கடலடி மலைத்தொடரான நடுமுகடு வரைக்கும் அதே தட்டுதான்.

அதனால் கரையை மறந்துவிட்டு, ஒரு பந்தின் மேல் ஆறேழு ஓடுகளைப் பென்சிலால் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கம் போகிறது என்று ஓர் அம்புக்குறி. வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளரும் வேகம். அப்புறம் விளிம்புகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விலகும் எல்லையில் கடலடி முகடு, நிலத்துக்குள் என்றால் பிளவுப் பள்ளத்தாக்கு. உரசிச் செல்லும் எல்லையில் நிலநடுக்கம் உண்டு, எரிமலை அநேகமாக இல்லை.

மோதும் எல்லையில் நிதானமாக வரைய வேண்டும். கடல்தரை கண்டத்தின் அடியில் அமிழ்ந்தால் கரைக்கு வெளியே ஓர் ஆழ்கடல் அகழி. அமிழும் பாறை சுமார் 100 கி.மீ. ஆழம் போனதும் அது விடும் நீர் மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அங்கே பிறக்கும் பாறைக்குழம்பு மேலே வருகிறது. ஆகவே எரிமலை வரிசை அகழியை ஒட்டி வராது, பெரும்பாலும் 100 முதல் 300 கி.மீ. தள்ளி, அகழிக்கு இணையாக வரும். இரண்டு பக்கமும் கண்டமானால் எதுவும் எளிதில் அமிழாது. இமயமலைபோல மடிந்து உயரும், எரிமலை மிக அரிது.

தச்சு என்ற பொருளை மனதில் வைத்தால் பழைய மூட்டுகளும் நினைவுக்கு வரும். ரஷ்யாவின் யூரல் மலைகள் இன்று எந்தத் தட்டின் விளிம்பிலும் இல்லை; பல கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு நிலங்கள் பொருந்திய தழும்பு அது. உங்கள் கண்டத்தின் நடுவிலும் அப்படி ஒரு தேய்ந்த மலைத்தொடரைத் தாழ்வாக வரைந்து வையுங்கள், எரிமலை ஒன்றுகூட இல்லாமல்.