கறுத்த கறி, வெளுத்த கறி

ஆஸ்திரேலிய இறைச்சிக்கூடங்களின் குளிர் அறையில், தொங்கும் மாட்டின் முதுகுச் சதையில், புளிப்பை அளக்கும் பி.எச். மீட்டரின் முனையைச் செருகிப் பார்ப்பார்கள். எண் இறங்க இறங்கப் புளிப்பு அதிகம். 5.7-க்கு மேல் காட்டினால் போச்சு, அந்த மாட்டுக்கு எம்.எஸ்.ஏ. (மீட் ஸ்டாண்டர்ட்ஸ் ஆஸ்திரேலியா) என்ற இறைச்சித் தரமுத்திரை கிடையாது. எவ்வளவு கொழுத்த மாடாக இருந்தாலும் சரி.

அப்படி என்ன சொல்கிறது அந்த எண்? மாட்டின் கடைசி இரண்டு மூன்று நாள் எப்படிக் கழிந்தது என்பதைத்தான்.

தசைக்குள் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு உண்டு. உயிர் போனாலும் தசை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. ரத்தம் நின்று ஆக்சிஜன் வராத நிலையில், அந்த இருப்பை உடைத்து லாக்டிக் அமிலமாக்கிக்கொண்டே இருக்கும். 7-ஐ ஒட்டியிருந்த பி.எச். ஒரு நாளில் 5.5 வாக்கில் இறங்கி நிற்கும். கறியின் நல்ல சிவப்பும், அது சட்டென்று கெடாமல் இருப்பதும் இந்த லேசான புளிப்பின் தயவு.

முன்பின் பழகாத இளங்காளைகளை ஒரே பட்டியில் அடைத்தால் இரவெல்லாம் முட்டலும் மோதலும்தான். இருப்பு கரைந்துவிடும், திரும்ப நிரம்ப மாட்டுக்குச் சில நாளாகும். மறுநாளே அறுத்தால் அமிலமாக மாறப் போதுமான சர்க்கரை இருக்காது. பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருஞ்சிவப்பாக இருக்கும், விரலில் பிசுபிசுக்கும். நன்றாக வெந்த பிறகும் உள்ளே வேகாததுபோல் சிவந்தே தெரியும். பாக்டீரியாவுக்கும் சர்க்கரை கிடைக்காது. நேராக அமினோ அமிலங்களில் கைவைக்கும். நாற்றம் சீக்கிரமே வந்துவிடும்.

பன்றியில் கதை தலைகீழ். சர்க்கரை நிறைய இருக்கும்போதே, அறுப்பதற்குச் சில நிமிடம் முன்பு மின்கோலால் குத்தி விரட்டினால், தசை வெறிபிடித்ததுபோல் அதை எரிக்கும். உடல் சூடு ஆறுவதற்குள் புளிப்பு ஏறிவிடும். கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட அதேதான். புரதங்கள் திரிந்து, பிடித்துவைத்திருந்த நீரை விட்டுவிடும். கறி வெளிறித் தொளதொளத்துப்போய், தட்டில் நீர் கோத்து நிற்கும்.

சில பன்றிகளுக்கு இது பிறவிக் கோளாறு. பெல்ஜியத்தின் பியேட்ரேன் இனத்தில் அதிகம். தசையைச் சுருங்கவைக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும் வாயிலின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. 1991-இல் கனடாவில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் குட்டிகளை ஹாலோத்தேன் மயக்க மருந்தை முகரவைத்து, கால் விறைப்பவற்றைக் கழிப்பதுதான் சோதனை.

லாரியிலிருந்து இறங்கிய பன்றிகளுக்கு இரண்டு மூன்று மணி நேர ஓய்வும், மேலே தண்ணீர்த் தெளிப்பும் நல்லது. பழகாத மாடுகளோடு நிற்கும் காளைக்கோ அந்த ஓய்வே வினை. வந்த கையோடு அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தனித்தனியாக அடைக்க வேண்டும்.