‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு’: மலையூர்களில் கினி பிக் வளர்ப்பவர்களுக்கு

ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் கினி பிக்கைத் துண்டில் சுற்றி எடுத்து வருபவர்கள் மேசையில் வைத்ததும் முதலில் சொல்வது, “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்” என்பதுதான். அவர்கள் சொல்வது உண்மை. கினி பிக் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. அதன் மூதாதைகள் வாழ்ந்த தென்னமெரிக்க ஆண்டீஸ் மலைகளில், நோஞ்சானாகத் தெரிந்தது முதலில் மாட்டிக்கொண்டது. அதனால் உடம்பு முடியாததை மறைப்பது அதன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். தீனிக்கு ஓடி வரும், இலையை வாயில் கவ்வும், மென்றதுபோல் இருக்கும், ஆனால் விழுங்கியிருக்காது. இனி மறைக்கத் தெம்பில்லை என்ற கட்டத்தில்தான் மூலையில் ஒடுங்கும். நாம் ‘திடீர்’ என்று நினைக்கும் நோய்க்குப் பெரும்பாலும் ஏற்கெனவே சில நாள் வயதாகியிருக்கும்.

கண்ணுக்குத் தப்புவது தராசுக்குத் தப்பாது. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசே போதும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில், காலைத் தீனிக்கு முன்பு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உட்காரவைத்து நிறுத்து, எடையைக் காலண்டரில் எழுதுங்கள். வளர்ந்த கினி பிக் 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். 30 கிராம் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். 900 கிராம் இருந்தது ஒரே வாரத்தில் 60 கிராம் குறைந்தால் தினமும் நிறுக்கத் தொடங்குங்கள். 90 கிராம், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால், எவ்வளவு துள்ளலாக இருந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பல் வளைந்து வளர்வது, சிறுநீர்ப்பைக் கல், நுரையீரல் சளி எல்லாமே பெரும்பாலும் முதலில் எடையில்தான் தெரியும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

நாய்க்கு வயிறு சரியில்லை என்றால் ஒரு வேளை பட்டினி போடுவோம். அதே யோசனை கினி பிக்கைக் கொன்றுவிடும். அதன் குடல் ஓயாமல் நார்ச்சத்தை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தீனி நின்றால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் தின்னாது. கினி பிக்கால் வாந்தி எடுக்கவும் முடியாது. பட்டினி நீண்டால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ப் படியும். அதற்கப்புறம் மீட்பது கடினம். 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை என்றாலே அவசரம். விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கூண்டைச் சுத்தம் செய்யும்போது புழுக்கையைப் பாருங்கள். நல்ல புழுக்கை அவரை விதை போல நீண்டு, கரும்பழுப்பாக, ஒரே அளவில் இருக்கும். சிறுத்து, காய்ந்து, ஒரு முனை கூராகிப்போனால் தீனி குறைந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றை எக்கி எக்கி மூச்சு விடுவது, மூக்கிலோ கண்ணிலோ பொருக்கு, முடி சிலிர்த்துக் குனிந்து உட்காருவது, பல்லை நறநறப்பது, தலை ஒருபக்கம் சாய்வது, சிறுநீரில் ரத்தம், இதில் எது இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

மலையில் குறிப்பாக எவை கொல்கின்றன?

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் கூண்டு வராண்டாவில் இருக்கக் கூடாது. இதற்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். குளிரைவிட, குளிரோடு சேர்ந்த ஈரமும் நேராக அடிக்கும் காற்றும் மோசம். மழைக்காலத்தில் நனைந்த விரிப்பில் சிறுநீரின் அம்மோனியா நெடி ஏறி நுரையீரல் புண்ணாகும்; அதன்மேல் நிமோனியா வரும். போர்டெடெல்லா என்ற கிருமியை நாய், பூனை, முயல் எல்லாம் தமக்கு எதுவும் ஆகாமலே சுமந்து திரியும்; கினி பிக்குக்கு அதுவே உயிர்க்கொல்லி. நாயும் கினி பிக்கும் ஒரே அறையில் வேண்டாம்.

குளிருக்குக் கரி அடுப்பு மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திப் படுக்கும் பழக்கம் மனிதர்களையே பலி வாங்கியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. ‘ராத்திரி நல்லாருந்துச்சு, காலைல செத்துக் கிடந்துச்சு’ என்று வரும்போது, அறையில் கணப்பு இருந்ததா என்று கட்டாயம் கேட்கிறோம். வீட்டில் யாருக்காவது தலைவலியோ குமட்டலோ இருந்தால் பிராணியை விட்டுவிட்டு முதலில் மனிதர்களை வெளியே கூட்டி வாருங்கள்.

சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தடவுவது நம் ஊர்க் கைவைத்தியம். கினி பிக்குக்கு வேண்டவே வேண்டாம். நக்கி விழுங்கினால் நஞ்சு. அந்த நெடியே மூச்சுக்குழாயை அரிக்கும்.

இன்னொன்று தீனி. ஊட்டி கேரட் கைக்கெட்டும் விலைக்குக் கிடைக்கிறது என்று அதையே தினமும் போடுகிறவர்கள் உண்டு. மனிதனைப் போலவே கினி பிக்கின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது. ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும்; நோயில் 50 வரை. கேரட்டில் அது மிகக் குறைவு, சர்க்கரைதான் அதிகம். பச்சைக் குடைமிளகாய் 50 கிராம் போட்டாலே தேவை தீர்ந்துவிடும். கொய்யா சிறு துண்டு போதும். முயல் தீவனத்தில் இந்த வைட்டமின் சேர்ப்பதில்லை. கினி பிக் தீவனத்திலும் நாளாக ஆகக் குறைந்துவிடும் என்பதால், தயாரித்து மூன்று மாதத்துக்குள்ளான பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். குறைபாடு இரண்டு மூன்று வாரத்தில் தலைகாட்டும்: நொண்டும், தூக்கினால் கத்தும், முட்டி வீங்கும். ‘கீழே விழுந்து அடிபட்டிருக்கும்’ என்று நினைத்துச் சும்மா விட்டுவிடுகிறார்கள்.

தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் மரம் இருந்தால் அதன் இலை, காய் எதுவும் கிட்டவே வரக் கூடாது. உருளைக்கிழங்குச் செடியின் தழை, உண்ணிச்செடி, ஊமத்தை ஆகியவையும் ஆபத்து. மருந்தடித்த காய்கறித் தோட்டத்தின் ஓரப்புல்லை அறுத்துப் போடாதீர்கள்.

மருத்துவரை எட்டும்வரை

கினி பிக் பார்த்துப் பழகிய மருத்துவர் மலையில் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார். கோவை வரையோ, கொடைக்கானல் பக்கமென்றால் மதுரை வரையோ இறங்க வேண்டி வரலாம். அந்த இடைவெளியில் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் சூடு. உடம்பு ஜில்லிட்டிருந்தால், வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள்; சூடு தாங்காவிட்டால் மறுபாதிக்கு நகர அதற்கு இடம் வேண்டும். உடம்பு சூடேறிய பிறகே ஊட்ட வேண்டும்.

ஒரு மேசைக்கரண்டி கினி பிக் தீவனத்தை மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கஞ்சிபோல் மசியுங்கள். நார் அடைக்கும் என்பதால் ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்சின் முனையைப் பிளேடால் வெட்டி, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பிராணியைத் துண்டில் சுற்றி, பின்பாகத்தைத் தாங்கிப் பிடியுங்கள். தலையை அண்ணாத்தக் கூடாது. முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை நுழைத்து, ஒரு தடவைக்கு அரை மி.லி. மட்டும் விடுங்கள். தாடை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 முதல் 60 மி.லி.; அதை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மி.லி. ஆறிய நீரில் கரைத்தால் ஒரு மி.லி.யில் 50 மில்லிகிராம் இருக்கும். ஒரு கிலோ எடைக்கு அந்த ஒரு மி.லி. ஒரு நாளைக்குப் போதும். மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள்.

வயிறு உப்பி, விரலால் தட்டினால் மேளம்போல் ஒலித்தாலோ, மூச்சுக்குத் திணறினாலோ, மயக்கமாக இருந்தாலோ எதையும் ஊட்டாதீர்கள். உடனே கிளம்புங்கள்.

வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுப்பதுதான் நாங்கள் பார்த்து வருந்தும் மிகக் கொடிய தவறு. வாய்வழி கொடுக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் ஆகியவை இதன் குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருக வழிவிடும். அது சுரக்கும் நஞ்சில் சில நாளில் வயிற்றுப்போக்கும் சாவும் வரும். மாடும் நாயுமே அதிகம் பார்க்கும் மருத்துவராக இருந்தால், “இந்த மருந்து கினி பிக்குக்கு ஒத்துக்குமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டோம்.

கோடையில் மலை இறங்குவதே ஒரு ஆபத்து. ஊட்டியின் குளிரில் பழகிய உடம்பு கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் வெயிலில் நுழைகிறது. 30 டிகிரிக்கு மேல் இதற்கு வெப்பத்தாக்கு வரும். விடியற்காலையில் கிளம்புங்கள். துளையிட்ட அட்டைப்பெட்டியில் புல்லும் வெள்ளரித் துண்டும் போட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். டிக்கியில் வைக்காதீர்கள். ஜோடி இருந்தால் அதையும் கூட்டிப் போங்கள். புழுக்கை, கொடுத்த மருந்தின் அட்டை, எடைக் குறிப்பு மூன்றும் கையில் இருக்கட்டும்.

இறந்துபோனால்

உடல் குளிர்ந்து தளர்ந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; குளிரில் உறைந்துபோனதும் அப்படித்தான் இருக்கும். முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெஞ்சில் இரு விரலை வைத்து ஐந்து நிமிடம் துடிப்பைத் தேடுங்கள். கண்ணின் கருவிழியை ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டும் இமை அசையவில்லையா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சூடு கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

வீட்டில் வேறு கினி பிக் இருந்தால் பிரேதப் பரிசோதனை கேட்பது நல்லது. உடலை இரண்டு பையில் கட்டி, உணவு வைக்காத தனிப் பெட்டியில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்தால் திசு சிதைந்து காரணம் தெரியாமல் போகும். 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும்.

புதைப்பதென்றால் மூன்று அடி ஆழம் வேண்டும். இங்கே காட்டுப்பன்றியும் நாயும் ஒரே இரவில் தோண்டிவிடும். துணியில் சுற்றி, மண் மூடி, மேலே கனமான கல் வையுங்கள். ஓடை, ஊற்று, கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். எஸ்டேட் குடியிருப்பு, வாடகை வீடு என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காட்டோரத்தில் வீசவே கூடாது. ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைத்த பிராணி என்றால் அதைத் தின்னும் விலங்கும் செத்துவிடும்; ஆழத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

குழந்தையிடம் ‘தூங்குது’ என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரி அது தூங்கப் பயப்படும். ‘ஊருக்குப் போயிருக்கு’ என்றால் வாசலில் காத்திருக்கும். இரவோடு இரவாக அதே நிறத்தில் வேறொன்றை வாங்கிவைப்பதும் வேண்டாம், குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். “செத்துப்போச்சு கண்ணா, அதோட உடம்பு வேலை செய்யறத நிறுத்திருச்சு, இனி அதுக்கு வலிக்காது. நீ எதுவும் பண்ணலை” என்று நேராகச் சொல்லுங்கள். கடைசி வரியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கூண்டைத் திறந்து விட்டதாலோ, அன்று தண்ணீர் வைக்க மறந்ததாலோ தன்னால்தான் செத்தது என்று குழந்தை வாய் திறக்காமல் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

பெரியவர்களும் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். நோயை மறைப்பதில் தேர்ந்த பிராணி அது. உங்கள் அலட்சியத்தால் தெரியாமல் போகவில்லை. ‘ஒரு எலிக்காகவா இப்படி அழற?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை, பை சரசரத்ததும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த உயிர்.

மிச்சமிருக்கும் ஜோடியை மறந்துவிடக் கூடாது. தொற்றுநோய் சந்தேகம் இல்லையென்றால் உடலை ஒரு மணி நேரம் அதன் அருகில் விடலாம். பல கினி பிக்குகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தேடுவதை நிறுத்துகின்றன. விரிப்பு முழுவதையும் எடுத்தெறிந்து, கூண்டை சோப்பால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்ற அளவில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நெடி போகும்வரை அலசிக் காயவையுங்கள். மிச்சமிருக்கும் கினி பிக்கை இரண்டு வாரம் தினமும் நிறுங்கள். துணையை இழந்தது தீனியைக் குறைத்தால் 12 மணி நேரக் கணக்கு இதற்கும் பொருந்தும். தனியாக வாழப் பிறந்த பிராணி இல்லை என்பதால் புதுத் துணை தேவைப்படும். ஆனால் புதிதாக வருவதை மூன்று வாரம் வேறு அறையில், வேறு தட்டில் வைத்து, தும்மலும் தோல் படையும் இல்லை என்று உறுதியான பிறகே சேருங்கள். ஆணும் பெண்ணுமாக விட வேண்டாம்: எட்டு மாதம் தாண்டி முதன்முறை சினையாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு விரியாமல் குட்டி சிக்கிக்கொள்ளும்.