பத்து கிராம் உயிரும் பதினைந்து மணிநேர இரவும்

கொழும்பில் மாலை ஆறரை என்றால் ரொறொன்ரோவில் காலை எட்டு. ஜனவரியில் அங்கே அப்போதுதான் விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஸ்காபரோவில் இருக்கும் அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு சமையலறை யன்னலுக்கு வந்து எனக்கு வாட்ஸப்பில் எடுப்பது அந்த நேரத்தில்தான். முதலில் வெளியே பொருத்தியிருக்கும் வெப்பமானியைக் காட்டுவார். "இண்டைக்கு மைனஸ் இருவத்தொண்டு." பிறகு போனைக் கொஞ்சம் திருப்புவார். பின்வளவு முழுக்க வெள்ளை. மேப்பிள் மரத்தில் சூரியகாந்தி விதை நிரப்பிய கூண்டு ஒன்று தொங்கும். "பொறு, இப்ப வருவார்."

சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடும். கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடி, வெள்ளைக் கன்னம், சாம்பல் முதுகு. ஒரே ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போகும். அதைக் கால்களுக்கிடையில் அழுத்திப் பிடித்து, கொத்தி உடைத்துத் தின்னும். தின்றதும் அடுத்த விதைக்கு வரும்.

அதன் பெயர் சிக்கடீ. கத்துவதும் அப்படியேதான்: சிக்க-டீ-டீ-டீ. நம் ஊர் பட்டாணிக்குருவியின் குடும்பம். எடை 10 முதல் 12 கிராம். வெள்ளவத்தையில் எங்கள் பால்கனிச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டைவிடக் கொஞ்சம்தான் கூட. இரண்டு தேக்கரண்டிச் சீனியின் பாரம். அக்கா இரண்டு ஜாக்கெட்டும் சப்பாத்தும் இல்லாமல் காலடி வைக்காத அந்த வளவில், இது ராத்திரி முழுக்க வெளியே இருந்துவிட்டு வந்திருக்கிறது. எப்படி உயிரோடு இருக்கிறது? இந்தக் கேள்வி என்னைப் பல மாதம் விடவில்லை.

சின்ன உடலுக்கு முதல் எதிரி அதன் அளவுதான். கேத்திலில் இருக்கும் தேத்தண்ணி அரை மணிநேரம் சூடாக இருக்கும். அதையே சின்னக் கிளாசில் ஊற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். வெப்பம் போவது மேற்பரப்பு வழியாக. உருவம் சிறுக்கச் சிறுக்க, உள்ளே இருக்கும் கனத்தோடு பார்க்கையில் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகும். யானைக்குக் குளிர் ஒரு தொந்தரவு, சிக்கடீக்கு அது ஓட்டைப் பானை. பகலில் அதன் உடல் வெப்பம் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கும். வெளியே மைனஸ் 20. அந்த 62 பாகை வித்தியாசத்துக்கு நடுவே இருப்பது கொஞ்சம் இறகு மட்டுமே.

அந்த இறகை அது பயன்படுத்தும் விதம் பார்க்க அழகானது. குளிர் கூடிய காலைகளில் அக்காவின் சிக்கடீ பஞ்சு உருண்டை மாதிரி ஊதியிருக்கும். கொழுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மையில் ஒவ்வொரு இறகின் அடியிலும் நுண்ணிய தசைகள் உண்டு; அவை இறகை நிமிர்த்தும்போது இறகுகளுக்கு இடையில் காற்று சிறைப்படுகிறது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். குளிரில் நமக்கு மயிர்க்கூச்செறிவதும் இதே வேலைக்கான மிச்சம்தான். நம்மிடம் நிமிர்த்துவதற்கு மயிர் போதாது, அவ்வளவே.

கால்? இறகில்லாத, குச்சி மாதிரியான கால் உறைந்த கிளையில் நிற்கிறதே? இங்கே உடல் வேறு வழி வைத்திருக்கிறது. காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும் காலிலிருந்து ஏறும் குளிர்ந்த குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்திடம் கொடுத்துவிட்டே பாதத்துக்குப் போகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் வெப்பம், மிச்சம் எல்லாம் வயிற்றுக்குத் திரும்பிவிடும். பாதத்தில் தசை மிகக் குறைவு, பெரும்பாலும் நாணும் எலும்பும்தான். அதனால் குளிர்ந்திருந்தாலும் வேலை செய்யும். அப்படியும் தாங்காவிட்டால் ஒரு காலை இறகுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் வெப்பம் போவதைக் குறைக்கும் வழிகள். போனதை ஈடுகட்ட எரிக்கத்தான் வேண்டும். நம் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே வெப்பம் தருவதற்கென்று ஒரு பழுப்புக் கொழுப்பு இருக்கும். பறவைகளுக்கு அது கிடையாது. அவை நடுங்குகின்றன. சிறகைக் கீழே இழுக்கும் நெஞ்சுத் தசையும் மேலே தூக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுவதால் சிறகு அசையாது, வெப்பம் மட்டும் வரும். இரவு முழுக்க, தூக்கத்திலும், இந்த நடுக்கம் நடக்கிறது. எரிபொருள், பகலில் சேர்த்த கொழுப்பு. உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காலையில் அது கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். டிசம்பர் கடைசியில் ரொறொன்ரோவில் பகல் வெறும் 9 மணிநேரம், இரவு 15. ஒன்பது மணிநேரச் சம்பளத்தில் இருபத்துநாலு மணிநேரக் குடும்பம்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம் கொழுத்துக்கொண்டால் என்ன? கொழுத்தால் பறப்பது மந்தமாகும். அக்காவின் வளவுக்கு மாதத்தில் இரண்டு மூன்று தடவை வல்லூறு ஒன்று வரும். அது வந்த நாளில் கூண்டைச் சுற்றி ஈயாடாது. மெலிந்தால் குளிரில் சாவு, கொழுத்தால் வல்லூற்றிடம் சாவு. அதனால் ஓர் இரவுக்கு வேண்டியதையும் அதற்குமேல் சிறிதளவும் மட்டும் சேர்க்கிறது.

மிச்சத்தை உடம்பில் வைக்காமல் மரத்தில் வைக்கிறது. கோடை முடிவிலிருந்தே மரப்பட்டை இடுக்கு, பாசி, சுருண்ட இலை என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதையாக, ஆயிரக்கணக்கில் ஒளித்து வைக்கும். வைத்த இடத்தை நாலு வாரம் வரை நினைவில் வைத்திருப்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அலாஸ்காவிலிருந்தும் கொலராடோவிலிருந்தும் பிடித்த சிக்கடீகளை ஒரே மாதிரி வளர்த்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002ல் வெளிவந்தது. கடுங்குளிர் நாட்டு அலாஸ்காக் குருவிகளே கூடுதலாக ஒளித்து வைத்தன, கூடுதலாகக் கண்டுபிடித்தன. மூளையில் இட நினைவைப் பார்த்துக்கொள்ளும் ஹிப்போகாம்பஸ் பகுதியும் அவற்றுக்கே பெரிது. குளிர் ஒரு குருவியின் மூளை வரைக்கும் போயிருக்கிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவுக்கும் மேல், மிகக் குளிரான இரவுகளில் சிக்கடீ தன் அடுப்பையே தணித்து வைக்கிறது. உடல் வெப்பத்தை 10 முதல் 12 பாகை வரை கீழே விட்டு, 30ஐ ஒட்டிய நிலையில் இரவைக் கழிக்கும். மனிதருக்கு உடல் வெப்பம் 35க்குக் கீழே போனாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதுவோ விடிவதற்கு முன் மறுபடி நடுங்கிச் சூடேறி, முதல் வெளிச்சத்துக்கு வேலைக்கு வந்துவிடுகிறது.

சரி, இந்தக் கணக்கில் வானிலை எங்கே வருகிறது? அக்கா ஒரு கொப்பியில் தினமும் காலை வெப்பநிலை, காற்று, வானம், வந்த குருவிகள் என்று எழுதி வைக்கிறார். அதைப் புரட்டிப் பார்த்தால் மிகக் குளிரான காலைகள் எல்லாம் பனி கொட்டிய இரவுகளுக்கு உரியவை அல்ல. வானம் துடைத்து விட்டமாதிரி இருந்த இரவுகளுக்கு உரியவை. நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் கண்ணுக்குத் தெரியாத கதிராக வானத்துக்கு விடுகிறது. மேகம் இருந்தால் அது அதில் பெரும்பங்கை வாங்கித் திருப்பி அனுப்பும், போர்வை மாதிரி. மேகம் இல்லையென்றால் வெப்பம் நேரே மேலே போய்விடும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் தேயிலைக் கொழுந்தும் மரக்கறிப் பாத்தியும் கருகும் அந்த உறைபனியும், காற்றடிக்காத தெளிந்த இரவுகளில் இதே காரணத்தால்தான் விழுகிறது. மலையகத்தில் தோட்டம் செய்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இரவில் நட்சத்திரம் பளிச்சென்று இருந்தால் பாத்தியை மூடப் போய்விடுவார்கள்.

காற்று வேறு ஒரு கதை. வெப்பமானி மைனஸ் 20 காட்டும். வானொலியில் "உணரும் குளிர் மைனஸ் 33" என்பார்கள். 30 கிலோமீற்றர் வேகக் காற்றுக்கு வரும் கணக்கு அது. கனடாவும் அமெரிக்காவும் 2001ல் இருந்து ஒரே சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. வெளியே நிற்கும் காரோ கல்லோ எவ்வளவு காற்றடித்தாலும் மைனஸ் 20க்குக் கீழே போகாது. வெப்பம் போகும் வேகம்தான் கூடும், தேத்தண்ணியை ஊதிக் குடிக்கிறோமே அதுபோல. குருவிக்குக் காற்று இறகைக் கலைத்து உள்ளே சிறைப்பட்ட காற்றையும் கொண்டுபோய்விடும். அதனால்தான் சிக்கடீ ஒவ்வொன்றும் தனித்தனியாக மரப்பொந்துக்குள் புகுந்து தூங்குகிறது.

எல்லாவற்றிலும் கொடியது குளிரே அல்ல, மழை. மேலே சற்றுச் சூடான காற்று அடுக்கொன்றும் நிலத்தை ஒட்டி மெல்லிய குளிர் அடுக்கொன்றும் அமைந்துவிட்டால், மேலிருந்து வரும் பனி நடுவில் உருகி மழைத்துளி ஆகிவிடும். கீழே மறுபடி உறைவதற்கு அதற்கு நேரம் போதாது. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும். 2013 டிசம்பர் 21, 22ல் ரொறொன்ரோவில் இது பெய்து மரங்கள் முறிந்து, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. அக்கா வீட்டிலும் இல்லை. பிள்ளைகளை ஒரே அறையில் போட்டுப் படுத்தார்கள். அப்போது அவருக்கு வெளியே பார்க்க மனமில்லை. ஆனால் இன்றைக்கு அதைப் பேசும்போது குருவிகளைத்தான் சொல்கிறார். ஒவ்வொரு மரப்பட்டை இடுக்கும், ஒவ்வொரு ஒளித்து வைத்த விதையும் கண்ணாடிக்குள் பூட்டப்பட்ட நாள் அது. மைனஸ் 25ஐத் தாண்டும் குருவிக்கு மைனஸ் 1ல் உணவு பூட்டப்படுவது பெரிய ஆபத்து.

வானிலை மாறப் போவது குருவிகளுக்கு முன்கூட்டியே தெரியும் என்று அக்கா முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. புயலுக்கு முந்திய நாள் கூண்டில் நிற்க இடமிருக்காது என்றார். ஆய்வுக்கூடத்தில் வட அமெரிக்கச் சிட்டுகளை வைத்து, மற்ற எதையும் மாற்றாமல் காற்றழுத்தத்தை மட்டும் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் இறங்கியதும் அவை சாப்பாட்டுக்கு விரைந்தன. அக்காவின் கொப்பி சரிதான்.

நாம் விதை போடுவதால் குருவி சோம்பேறி ஆகிவிடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980களில் கால்வளையமிட்ட சிக்கடீகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். விதைக் கூண்டு இருந்த இடங்களில் 69 வீதம் குளிர்காலத்தைத் தாண்டின. இல்லாத காட்டில் 37 வீதம்தான். வித்தியாசம் முக்கியமாக மைனஸ் 18க்குக் கீழே போன மாதங்களில். பிறகு கூண்டுகளை எடுத்துவிட்டும் பார்த்தார்கள். பழகிய குருவிகள் மற்றக் குருவிகளைப் போலவே பிழைத்துக்கொண்டன. மிக மோசமான வாரங்களில் ஒரு கை கொடுத்தால் போதும் என்பதுதான் என் விளக்கம்.

அக்காவைப் போல யன்னலருகே எண்ணுகிறவர்களை ஒன்று சேர்த்த கணக்கெடுப்பு ஒன்ராறியோவில் 1976ல் ஆரம்பித்தது. 1987ல் வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது. அதே 1976ல்தான் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு இலங்கைக் கள பறவையியல் குழுவும் தொடங்கியது. இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஏனென்றால் இங்கேயும் அந்த ஆறரை மணிக்கு ஒரு குருவி இருக்கிறது. எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் பழைய வீடு ஒன்று, அதில் மாமரம், அடியில் கூட்டாத சருகு. ஒக்ரோபரிலிருந்து அங்கே ஆறுமணிக்குருவி ஒன்று தங்கியிருக்கிறது. பச்சை முதுகு, மஞ்சள் நெஞ்சு, வாலுக்கடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே மை பூசியமாதிரிப் பட்டை. இருள் விழும் நேரம் இரண்டு தட்டில் ஒரு சீழ்க்கை அடிக்கும். இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் முட்டையிட்டுப் பெருகி, குளிர்காலத்துக்கு இந்தத் தீவு வரை பறந்து வரும் குருவி. வந்த புதிதில் களைத்துப்போய்க் கொழும்பு வீடுகளின் யன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அப்படிக் கண்டால் காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாகக் கொஞ்ச நேரம் வைத்து, தெளிந்ததும் விட்டுவிடுங்கள்.

குளிருக்குப் பயந்து வருகிறது என்று சின்ன வயதில் படித்தோம். சிக்கடீயைப் பார்த்த பிறகு அதை அப்படியே சொல்ல முடியவில்லை. இறகும் நடுக்கமும் எல்லாப் பறவைக்கும் உண்டு. ஆனால் ஆறுமணிக்குருவியின் சாப்பாடு சருகுக்கடியில் புழுவும் பூச்சியும். அங்கே நிலம் காய்ந்து குளிர்ந்ததும் அவை கிடைப்பது அரிதாகிறது. சிக்கடீ கோடையில் புழு தின்றாலும் குளிர்காலத்தில் விதைக்கும், பட்டைக்குள் உறங்கும் பூச்சி முட்டைக்கும் மாறிக்கொள்ளும். மாறத் தெரிந்தது தங்குகிறது. மாற முடியாதது, கொழுப்பை இரவு நடுக்கத்துக்குப் பதில் பறப்பதற்குச் செலவழித்து இங்கே வருகிறது. கொழும்பில் ஜனவரி விடியல் 22 பாகை. இரவும் பன்னிரண்டரை மணிநேரத்தைத் தாண்டாது.

போன கிழமை ஒருநாள் அக்கா எடுத்தபோது வெப்பமானி மைனஸ் 24. வானம் நீலமாக இருந்தது. வழக்கமான நேரத்துக்குச் சிக்கடீ வரவில்லை. அக்கா எதுவும் பேசவில்லை, நானும்தான். பின்னால் மாமரத்தடியில் சீழ்க்கை இரண்டு தரம் கேட்டது. "உன்ர ஆள் கத்துறார்," என்றார். பிறகு திடீரென்று போனை யன்னலோடு ஒட்டினார்.

"வாலைப் பார், வாலைப் பார்."

வால் இறகு ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. உடம்பு மட்டும் கொள்ளும் சின்னப் பொந்தில் இரவு முழுக்க முடங்கிக் கிடந்த சிக்கடீயின் அடையாளம் அது; குளிர்காலக் காலைகளில் இப்படி வருவதுண்டு. கூண்டில் ஒரு விதையை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் ஐந்து விதை. வால் இன்னும் நிமிரவில்லை.