கிரானைட் வேறு, கருங்கல் வேறு

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் பதித்திருப்பது ‘காஷ்மீர் ஒயிட் கிரானைட்’. வெள்ளைத் தரையில் சாம்பல் ஓட்டம், அங்கங்கே மிளகளவு சிவப்புப் புள்ளி. பதித்த புதிதில் அம்மா அந்தப் புள்ளிகளைத் துருக்கறை என்று நினைத்துக் கம்பி நார் போட்டு இரண்டு நாள் தேய்த்தார். போகவில்லை. போகவும் போகாது. அது கறையே இல்லை, கார்னெட் என்கிற கனிமம். கோமேதகமும் கார்னெட் குடும்பத்துக் கல்தான், ஆக சிவப்புப் புள்ளியை அதன் பங்காளி என்று சொல்லலாம். எங்கள் கத்தியே அதைக் கீறாது, கம்பி நார் எம்மாத்திரம்?

அப்புறம் விசாரித்ததில் இரண்டு விஷயம் தெரிந்தது. கல் வந்தது காஷ்மீரிலிருந்து அல்ல, மதுரைப் பக்கத்துக் குவாரியிலிருந்து. நிலவியல் கணக்கில் அது கிரானைட்டும் அல்ல, பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய வேறொரு பாறை. பெயரில் மூன்று சொல், அதில் ‘ஒயிட்’ மட்டும்தான் உண்மை.

கிரானைட் என்றால் என்ன, அதைத் தமிழில் கருங்கல் என்று சொல்வது சரியா என்று அன்றைக்குக் கிளம்பிய கேள்விக்குத்தான் இந்த விளக்கம்.

முதலில் சொல். இலத்தீனில் ‘கிரானும்’ என்றால் தானிய மணி. அதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘கிரானிட்டோ’, அதாவது மணிமணியாக இருப்பது. அதுதான் ஐரோப்பிய மொழிகளுக்குப் போய் கிரானைட் ஆயிற்று. கவனியுங்கள், அந்தச் சொல்லில் நிறமே கிடையாது. கல்லின் அமைப்பை மட்டும்தான் அது சொல்கிறது: நொய்யும் அரிசியும் கலந்து கொட்டியதுபோல, கண்ணுக்குத் தெரிகிற மணிகளால் ஆன கல். ஒரு வேடிக்கை என்னவென்றால், கார்னெட்டும் அதே வேரில் பிறந்த சொல். மணிகள் நிறைந்த பழம் என்று இலத்தீன்காரர்கள் மாதுளைக்கு அதே வேரிலிருந்து ஒரு பெயர் வைத்தார்கள். மாதுளை முத்துப்போல் சிவந்திருந்ததால் அந்தப் பெயர் கல்லுக்கும் ஒட்டிக்கொண்டது. எங்கள் மேடையில் இருப்பது கிரானைட் இல்லையென்றாலும், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரச் சிவப்புப் புள்ளியாவது அதில் இருக்கிறது.

மணி ஏன் பெரிதாக இருக்கிறது? சீனிப்பாகை நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் கற்கண்டு விளைகிறது. அதே பாகைச் சட்டென்று ஆறவிட்டால் மணியே இல்லாத கண்ணாடி மிட்டாய்தான் கிடைக்கும். பாறைக் குழம்பும் அப்படித்தான். பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல மெல்லக் குளிர்ந்தால் கனிமங்கள் வளர அவகாசம் உண்டு, பெரிய மணியாக வளரும். அதே குழம்பு எரிமலை வழியே வெளியே வந்து சீக்கிரம் குளிர்ந்தால் மணி தெரியாத ரையோலைட் ஆகிவிடும். பொருள் ஒன்று, ஆறிய விதம் வேறு. இப்படி உருகி இறுகியவற்றுக்குப் பாடப்புத்தகத்தில் தீப்பாறை, அனற்பாறை என்று பெயர். இக்னியஸ் என்பதன் வேரான ‘இக்னிஸ்’ நம் அக்கினிக்கு உறவு என்பதால், தீப்பாறை அச்சாகப் பொருந்துகிற பெயர்.

நிலவியலார் கிரானைட் என்று ஒப்புக்கொள்ள மூன்று சரக்கு வேண்டும்: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. மூன்றாவது இல்லாவிட்டால் வேறொரு கருநிறக் கனிமம் இருக்கலாம், ஆனால் முதல் இரண்டும் இல்லாமல் கிரானைட் இல்லை. குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பார்களையும் மட்டும் தனியே கூட்டிப் பார்த்தால் அதில் 20 முதல் 60 சதவீதம் குவார்ட்ஸ் இருக்க வேண்டும் என்பது இப்போதைய வரையறை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். பாலிஷ் போட்ட பலகை வேண்டாம், அது எல்லாவற்றையும் ஒரே பளபளப்பாக்கிவிடும். புதிதாக உடைந்த சில்லு ஒன்றை எடுத்து, தண்ணீரில் நனைத்து, வெயிலில் மெல்லத் திருப்புங்கள். ஊறிய ஜவ்வரிசி மாதிரி சாம்பல் கலந்த கண்ணாடித் துணுக்குகள் தெரிகின்றனவா, அவை குவார்ட்ஸ். வயல்வரப்பில் கிடக்கும் வெள்ளை வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்தான். எப்படித் திருப்பினாலும் அதில் தட்டையான முகம் மின்னாது, கண்ணாடி உடைந்ததுபோல் வளைந்துதான் உடையும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் சின்னக் கண்ணாடி காட்டினாற்போலப் பளிச்சென்று மின்னி மறைவது ஃபெல்ட்ஸ்பார். கறுப்பாக, ஏடு ஏடாக, ஊசி முனையில் உரிந்து வருவது மைக்கா. இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, காக்காப்பொன். சித்த மருந்துக்காரர்கள் அப்பிரகம் என்பார்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, காக்காப்பொன் 3-க்கும் கீழே. கத்தி கிட்டத்தட்ட ஐந்தரை. அதனால் கத்தி காக்காப்பொன்னை உரிக்கும், மற்ற இரண்டிடமும் தோற்கும்.

தமிழ்நாட்டில் இந்த இலக்கணத்துக்கு ஒத்துவருகிற அசல் கிரானைட் இல்லாமலில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருக்கிறது, வயது சுமார் 50 கோடி ஆண்டு. ஆனால் கடையில் ‘கிரானைட்’ என்று அடுக்கி வைத்திருப்பதில் பல அந்த வகையறா இல்லை. கல் வியாபாரத்தில் கிரானைட் என்றால் கடினமானது, பாலிஷ் ஏறக்கூடியது, மார்பிள் அல்லாதது, அவ்வளவுதான். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் பெயரில் உலகெங்கும் போகும் கறுப்புக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது டாலரைட், காப்ரோ வகை, அதாவது கருநிறக் கனிமங்கள் மிகுந்த தீப்பாறை. குவார்ட்ஸ் அநேகமாக இருக்காது. நிலவியலாரிடம் ‘கறுப்பு கிரானைட்’ என்றால் ‘கறுப்பு வெண்ணெய்’ என்றதுபோலச் சிரிப்பார். வெளிர்நிறக் கனிமங்களே பெரும்பங்காக உள்ள கல் கரியாகக் கறுத்திருக்க முடியாது.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. உறுதியைப் பொறுத்தவரை டாலரைட்டும் ஒன்றும் சளைத்ததல்ல. ஏமாற்று நடக்கும் இடம் வேறு. ஒருமுறை பூஜையறை மாடத்துக்கு ‘வெள்ளை கிரானைட்’ என்று வாங்கி வந்தோம். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வைத்த இடமெல்லாம் மறுநாள் பளபளப்புப் போய் வட்ட வட்டமாக மங்கிக் கிடந்தது. அது மார்பிள். சுண்ணாம்புக் கல் உருமாறித்தான் மார்பிள் ஆகிறது, அதில் இருப்பது கால்சைட், கடினம் வெறும் 3. புளிப்புப் பட்டால் நுரைத்துக் கரையும். கிரானைட்டோ டாலரைட்டோ எலுமிச்சையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இப்போது கல் வாங்கப் போனால் பையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடுதான் போகிறேன், கடைக்காரர் ஒருமாதிரிதான் பார்க்கிறார். இடையில் ஒன்று: மார்பிளைப் பளிங்கு என்று எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் பளிங்கு என்பது முதலில் படிகத்தின் பெயர், அதாவது தெளிந்த குவார்ட்ஸ். மார்பிளுக்குச் சலவைக்கல் என்பதே குழப்பமில்லாத சொல்.

சரி, கருங்கல்லுக்கு வருவோம். அகராதிகளில் கிரானைட்டுக்கு நேராக இருப்பது இந்தச் சொல்தான். கிரானைட் கறுப்பே இல்லையே, பிறகு ஏன்? செங்கல்லோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. சுட்ட கல் செங்கல், வெட்டியெடுத்த கல் கருங்கல். கட்டடம் கட்டுகிறவர் கண்ணில் விழும் வேறுபாடு அது. ‘கரு’ என்பதற்கு வலிமை என்ற பொருளும் உண்டு. புறநானூற்றில் வரும் ‘கருங்கைக் கொல்லன்’ என்பதற்கு வலிய கையை உடைய கொல்லன் என்றுதான் உரை சொல்கிறார்கள். ஆக, கருங்கல் என்பதை வலிய கல் என்றும் கொள்ளலாம்.

இந்த இரண்டு விளக்கமும் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் போதவில்லை. சென்னையை அடுத்த பல்லாவரம் மலையில் உடைந்த கல் ஒன்றைக் கையில் எடுத்தபோதுதான் மூன்றாவது விளக்கம் கிடைத்தது. கல்லின் வெளித்தோல் வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறியிருந்தது. உடைந்த முகமோ நீலமும் பச்சையும் கலந்த கருஞ்சாம்பல். எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கு. மணிகள் இருக்கின்றன, ஆனால் வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து தெரியவில்லை. குவார்ட்ஸ் நீலம் பாய்ந்து, ஃபெல்ட்ஸ்பார் பச்சை பாய்ந்து, எல்லாம் ஒரே இருட்டாக இருந்தது.

அதன் பெயர் சார்னோகைட். சரக்குகளைக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட கிரானைட்தான், காக்காப்பொன்னுக்குப் பதிலாக ஹைபர்ஸ்தீன் என்ற பைராக்சீன் வகைக் கனிமம் உட்கார்ந்திருக்கிறது. காக்காப்பொன் உருவாக நீர்ச்சத்து வேண்டும். மிக ஆழத்தில், கடுஞ்சூட்டில், ஈரம் அற்றுப்போன நிலையில் உருவான கல்லில் அதற்கு வழியில்லை. இது உருகி இறுகியதா, இருந்த பாறை உருமாறியதா என்று நூறாண்டுக்கு மேலாக வாதம் நடக்கிறது. இடத்துக்கு இடம் இரண்டும் உண்டு என்பதே இப்போதைய நிலை. பல்லாவரத்துக் கல்லின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இதே கல்.

பெயர் வந்த கதை இன்னும் சுவை. கல்கத்தாவை நிறுவியவர் என்று வெகுநாள் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1690-களில் இறந்தார். கல்கத்தாவில் அவருடைய கல்லறைக்குப் பதித்த பலகை சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். இருநூறு ஆண்டு கழித்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அந்தப் பலகையை ஆராய்ந்து, 1893-ல் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் சூட்டினார். பின்னால் 2003-ல், கல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் அல்ல என்று அங்குள்ள உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது. நகரம் கைவிட்டுப் போனாலும் கல் அவர் பெயரில் நின்றுவிட்டது. பல்லாவரத்துக்காரர்கள் அதற்கு என்றைக்கோ பெயர் வைத்திருந்தார்கள் என்பதை ஹாலந்திடம் யாரும் சொல்லவில்லை போலும்.

என் கணிப்பு இதுதான். கருங்கல் என்பது கிரானைட்டுக்குத் தப்பான மொழிபெயர்ப்பு என்று சொல்வதைவிட, அது மொழிபெயர்ப்பே அல்ல என்பது பொருத்தம். வட தமிழகத்திலும் மலைப்பகுதிகளிலும் கிடைக்கும் கறுத்த கல்லுக்குச் சரியாக வைத்த பெயர், பிறகு ஜல்லியிலிருந்து கோயில் தூண் வரை எல்லா வன்கல்லுக்கும் விரிந்துவிட்டது. ஆங்கில அகராதி வந்தபோது கிரானைட்டுக்கு எதிரே ஏதாவது எழுத வேண்டுமே என்று அதை இழுத்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் வருகிற சிக்கல் பாடப்புத்தகத்தில்தான். கருங்கல் என்றால் கிரானைட் என்று படித்த பிள்ளை, அஜந்தாவிலும் எல்லோராவிலும் குடைந்திருக்கும் கறுத்த பாறையைப் பார்த்தால் அதையும் கிரானைட் என்றுதான் எழுதும். அது பசால்ட், எரிமலைக் குழம்பு வெளியே வந்து ஆறியது, வெறும் கண்ணுக்கு மணியே தெரியாது. நைஸ் என்ற பாறையிலும் இதே குழப்பம். தமிழ்நாட்டில் ஜல்லிக்கு உடைபடும் கல்லில் அதுவும் நிறைய உண்டு. கிரானைட்டில் இருக்கும் அதே கனிமங்கள், ஆனால் வெள்ளையும் கறுப்பும் அடுக்கடுக்காக வரி போட்டிருக்கும். வரிப்பாறை என்று சொன்னால் பார்த்தவுடன் விளங்கும்.

கிரானைட்டுக்கு மணிப்பாறை என்று வைக்கலாமா என்று யோசித்தேன். மூலச் சொல்லுக்கு நேர், ஆனால் நவமணி நினைவுக்கு வந்து கெடுக்கிறது. குருணைப்பாறை என்றால் பொருள் கச்சிதம், யாரும் சொல்ல மாட்டார்கள். கிரானைட் என்றே எழுதிவிட்டுப் போவதுதான் நல்லது. கருங்கல்லை அதன் பாட்டுக்கு எல்லா வன்கல்லுக்கும் பொதுப்பெயராக விட்டுவிடலாம். கனிமம் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்கிறவர்கள் சார்னோகைட்டைக் கருங்கிரானைட் என்று சொல்லிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன வாரம் எங்கள் வீட்டு அம்மியைப் புரட்டிப் போட்டு, உடைந்த ஓரத்தை நனைத்துப் பார்த்தேன். பச்சை கலந்த கருஞ்சாம்பல், எண்ணெய் மினுக்கு. ஊசியால் எவ்வளவு நெருடியும் காக்காப்பொன் ஒரு ஏடுகூட வரவில்லை. அம்மா வந்து, “அந்தக் கருங்கல்ல என்னடா நோண்டிட்டு இருக்க, கொத்தி மூணு வருசம் ஆச்சு, முதல்ல ஆளைக் கூட்டிட்டு வா” என்றார்.