6 வெள்ளிப் பூவுக்கு 50 வெள்ளி நோட்டு

மலேசியாவின் பினாங்கில், லிட்டில் இந்தியாவில் மணி சேஞ்சர் கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணுவதுதான் என் பிழைப்பு. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, தெருமுனையில் பூக்கட்டும் அக்கா ஒரு 50 வெள்ளி நோட்டைக் கொண்டுவந்தார். ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம். "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு. என்னமோ மாதிரி இருக்கு."

கையில் வாங்கியதுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. நல்ல நோட்டு பருத்தியில் செய்த தாள். எத்தனை கை மாறிக் கசங்கினாலும் அதில் ஒரு விறைப்பு மிச்சமிருக்கும். முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் படத்தை நகத்தால் மெல்ல வருடினால் மையின் மேடு தட்டுப்படும். அக்கா கொண்டுவந்தது ஜெராக்ஸ் தாள்போல வழவழவென்று இருந்தது.

என் கல்லாவிலிருந்து ஒரு நல்ல 50 வெள்ளியை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். கள்ளநோட்டைத் தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம். கூடப் பிறந்ததுபோல ஒன்றைப் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். அப்புறம் இரண்டையும் விளக்குக்கு நேரே பிடித்தேன். நல்ல நோட்டில் வெற்றிடமாகத் தெரிந்த பகுதியில் மாமன்னரின் முகம் நிழலும் வெளிச்சமுமாக எழுந்து வந்தது. தையல்போல விட்டுவிட்டுத் தெரிந்த பாதுகாப்பு இழை ஒரே கோடாகச் சேர்ந்தது. மற்றதில் அந்த முகம் விளக்கு இல்லாமலே சாம்பல் நிறத்தில் தெரிந்தது, மேலே அச்சடித்திருக்கிறார்கள். நோட்டின் வெள்ளிநிறப் பட்டையைச் சாய்த்துப் பார்த்தோம். நல்லதில் உருவமும் நிறமும் மாறின. இதிலோ சாக்லேட் சுற்றிய தாள்போல வெறும் மினுமினுப்புதான்.

"அன்னைக்கே தெரியலையே," என்றார் அக்கா. எப்படித் தெரியும்? ராத்திரி நேரம், பல்பு வெளிச்சம், கடையைச் சுற்றிக் கூட்டம். அதைவிட, அவர் விரலெல்லாம் பூத்தண்ணீர். ஈர விரலுக்குத் தாளின் சொரசொரப்பு பிடிபடாது. 6 வெள்ளிப் பூவுக்கு 50 வெள்ளி கொடுத்து, 44 வெள்ளி மீதி வாங்கிப் போயிருக்கிறான். நோட்டு ஒன்றும் பெரிய கைவேலை இல்லை. நேரமும் இடமும் பார்த்துத்தான் நீட்டியிருக்கிறான்.

கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் பேனாவை நம்பிக் கடை நடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். அந்த மை தாளில் இருக்கும் மாவுச்சத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். மாவு இல்லாத தாளில் அடித்திருந்தால் பேசாமல் இருந்துவிடும். 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பிளாஸ்டிக் நோட்டுகள், அவற்றுக்கு அந்தப் பேனாவால் பயனே இல்லை.

சிலர் வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய 500, 1000 வெள்ளி நோட்டுகளை எடுத்து வந்து கள்ளநோட்டா என்று கேட்பார்கள். அசல் நோட்டாகவே இருக்கும். ஆனால் 1999 ஜூலை 1 முதல் அவை செல்லாது. இந்தியாவின் பழைய 500, 1000 ரூபாய்க்கும் 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவோடு அதே கதிதான். செல்லாத காசு வேறு, கள்ளக் காசு வேறு.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம். நோட்டைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டு, "வேற கடையில கூட்டத்தோட கூட்டமா மாத்திடவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இது அவர் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை, படித்தவர்களும் கேட்பார்கள். கள்ளநோட்டு என்று தெரிந்தபின் கைமாற்றினால் தண்டனைச் சட்டம் 489பி பிரிவின்படி நாமும் குற்றவாளி. போலீசில் ஒப்படைத்துப் புகார் கொடுப்பதுதான் வழி. பதிலுக்கு நல்ல நோட்டு கிடைக்காது, 50 வெள்ளி போனது போனதுதான். அதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. நோட்டைப் பழைய உறையில் போட்டுக்கொண்டு, கொடுத்தவனின் சட்டை நிறத்தை ஞாபகப்படுத்தியபடியே ஸ்டேஷனுக்குப் போனார்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். பக்கத்துக் கடைக்காரர் நோட்டுப் பார்க்கும் நீலவிளக்கில், அதாவது புற ஊதா விளக்கில், காட்டியபோது அவருடைய நோட்டு ஒன்று பளீரென்று ஒளிர்ந்ததாம். சாதாரணத் தாள்தான் அந்த விளக்கில் அப்படி ஒளிரும் என்பதால் பதறிப்போயிருந்தார். தடவிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், சாய்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"அக்கா, இதைத் துவைச்சீங்களா?"

வீட்டுக்காரரின் சட்டைப் பையோடு மெஷினில் போயிருக்கிறது. துணி பளிச்சென்று தெரியச் சோப்புத்தூளில் சேர்க்கும் ஒளிரும் பொருள் நல்ல நோட்டையும் ஒளிர வைத்துவிடும்.