கல்முனைக்கு எத்தனை எழுத்து?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் ஊர்ப்பெயர்களை ஒரு தரவுத்தளத்தில் ஏற்றியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'குடி' என்று முடியும் ஊர்கள் மட்டும் வேண்டும். தரவுத்தளங்களில் தேட உதவும் எஸ்கியூஎல் (SQL) மொழியின் லைக் (LIKE) என்ற ஒப்பீட்டுச் சொல்லுக்கு '%குடி' என்று கொடுத்தால் காத்தான்குடியும் களுவாஞ்சிக்குடியும் வந்து நிற்கும். சதவீதக் குறி உள்ள இடத்தில் எதுவும் வரலாம், ஒன்றுமே வராமலும் இருக்கலாம். பின்னாலும் ஒரு குறி சேர்த்து '%குடி%' என்றால் புதுக்குடியிருப்பும் அகப்படும். அடிக்கோடு '_' இன்னொரு குறி. அது ஒரேயொரு எழுத்துக்குத்தான் இடம் விடும்.

அந்த 'ஒரேயொரு எழுத்து' எது என்பதில்தான் தமிழில் தேடுபவர் விழிப்பாக இருக்க வேண்டும். கல்முனை என்ற பெயரில் நம் கண்ணுக்கு 4 எழுத்துகள். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோட் முறையில் அது க, ல, புள்ளி, ம, உகரக் குறி, ன, ஐகாரக் குறி என்று 7 துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பெரும்பாலான தரவுத்தளங்கள் இந்தத் துண்டுகளையே எண்ணுகின்றன. 4 அடிக்கோடுகள் போட்டால் கல்முனை வராது. 7 போட வேண்டும்.

ஆட்பெயர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 'கந்த%' என்று தேடினால் கந்தசாமியோடு கந்தையாவும் வருவார். நமக்குத் 'தை' தனி எழுத்து. கணினிக்கோ 'த'வும் அதன்பின் ஒரு குறியும். இதே இயல்பு நமக்குக் கைகொடுக்கவும் செய்யும். ஒரே ஆளின் பெயர் ஒரு பதிவில் கந்தசாமி, இன்னொன்றில் கந்தசுவாமி, மற்றொன்றில் கந்தச்சாமி என்று இருப்பது நம் பதிவேடுகளில் சாதாரணம். 'கந்தச%மி' மூன்றையும் பிடித்துவிடும். பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவோர் இந்த ஒரு வித்தையையாவது கட்டாயம் பழக வேண்டும்.

வேகத்தையும் கவனியுங்கள். அகராதியில் முதலெழுத்து தெரிந்தால் உடனே பக்கத்தைப் புரட்டலாம், கடைசி எழுத்து மட்டும் தெரிந்தால் முழுவதையும் வாசிக்க வேண்டும். தேடலை விரைவாக்கத் தரவுத்தளம் வைத்திருக்கும் சாதாரண அகரவரிசைச் சுட்டியும் (index) அப்படித்தான். '%' முன்னால் நின்றால் அது பயன்படாது; பல இலட்சம் பதிவுகள் இருந்தால் தாமதம் நன்றாகவே தெரியும்.

கண்ணுக்கே தெரியாத சிக்கல் பொத்துவிலில் இருக்கிறது. 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே துண்டாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, அரவு என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலில் ஒன்று மற்றதோடு பொருந்தாமல் போகும். பதியும்போதே எல்லாவற்றையும் இத்தகைய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், தேடும் சொல்லையும் அப்படியே.