++ எங்கே நேரத்தைத் தின்கிறது?

ஹாஸ்கெல் என்ற நிரல் மொழியில் எழுதிய நிரல் ஒன்று வரி வரியாக ஒரு ஹெச்டிஎம்எல் அறிக்கையைத் தயாரிக்கிறது. வரிகள் பத்து மடங்கு கூடினால் நேரமும் பத்து மடங்கு கூடலாம், நியாயம். ஆனால் நூறு மடங்கு கூடுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு உரைகளை ஒட்டும் ++ குறியை.

ஹாஸ்கெலின் ஸ்ட்ரிங், அதாவது உரை, எழுத்துகளைக் கோத்த ஓர் இணைப்புப் பட்டியல். ஒவ்வொரு கண்ணியும் ஓர் எழுத்தையும் அடுத்த கண்ணியையும் சுட்டும். இருக்கும் மதிப்பை மாற்ற முடியாத மொழி இது. அதனால் அ ++ ஆ என்றால் அ-வின் கடைசிக் கண்ணியை ஆ-வில் மாட்டிவிட வழியில்லை. அ முழுவதையும் படியெடுக்க வேண்டும். ஆ அப்படியே இருக்கும். ஆக, செலவு இடப்பக்கத்துக்கு மட்டும்தான்.

இங்கேதான் அடைப்புக்குறி முக்கியமாகிறது. அ ++ (ஆ ++ இ) என்றால் அ ஒரே முறை படியெடுக்கப்படும். (அ ++ ஆ) ++ இ என்றால் இரண்டு முறை. இதுவரை சேர்ந்ததன் கடைசியில் புது வரியை ஒட்டிக்கொண்டே போகும் நிரல் இந்த இரண்டாவது வகை. வரிக்கு 50 எழுத்து வீதம் 1,000 வரி என்றால் சுமார் இரண்டரைக் கோடி எழுத்துப் படிகள். வலமிருந்து கட்டினால் சுமார் 50,000 போதும். தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் ஹாஸ்கெலின் சோம்பல் மதிப்பீடு இந்த வேலையைத் தள்ளிப்போடுமே தவிர, குறைக்காது.

இதற்கு ஜான் ஹியூஸ் 1986-இல் விவரித்த தீர்வு, என் பார்வையில் சார்புகளைக் (ஃபங்ஷன்) கொண்டே நிரலைக் கட்டும் சார்புநிலை நிரலாக்கத்தின் மிக அழகான யோசனைகளில் ஒன்று. உரையை உரையாக வைத்துக்கொள்ளாமல் ஒரு சார்பாக வைத்துக்கொள்ள வேண்டும்: "எனக்குப் பின்னால் வரப்போவதைக் கொடு, அதன் முன்னால் என் எழுத்துகளை வைத்துத் தருகிறேன்." இரண்டு உரைகளை இணைப்பது இப்போது இரண்டு சார்புகளைக் கோப்பதுதான்; நீளம் எவ்வளவானாலும் அதற்கு ஒரே செலவு. கடைசியில் வெற்று உரையைக் கொடுத்தால், எந்த வரிசையில் கோத்திருந்தாலும் எல்லாம் வலப்பக்க அடைப்பாகவே விரியும். உரையை வாங்கி உரையைத் தரும் சார்புக்கு ஹாஸ்கெல் வைத்திருக்கும் ஷோஎஸ் வகை இதுவேதான்.

சரி, படியெடுப்பு போயிற்று; நினைவகச் செலவு போகவில்லை. 64 பிட் கணினியில் ஹாஸ்கெலின் ஜிஹெச்சி தொகுப்பி ஒரு கண்ணிக்கு 24 பைட் எடுக்கிறது. ஆங்கில எழுத்துகள் அடங்கிய முதல் 256 குறியீடுகளை முன்பே செய்து வைத்துப் பகிர்ந்துகொள்கிறது. அந்த 256 இடங்களுக்குள் தமிழ் வராது, ஆகவே எழுத்துக்கு இன்னும் 16 பைட். 'வணக்கம்' என்பதில் ஏழு குறியீடுகள், 280 பைட்! கோப்புகளில் வழக்கமாக உரையைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது வெறும் 21 பைட்.

உரையைத் துண்டு துண்டாகக் கட்டும் பில்டர் நூலகங்கள் ஹியூஸின் யோசனையை அப்படியே பஃபருக்கு, அதாவது பைட்டுகளைச் சேர்த்துவைக்கும் தற்காலிக நினைவகத்துக்கு, கொண்டுபோகின்றன. கண்ணிகளே இல்லை, ஒவ்வொரு துண்டும் தன் பைட்டுகளை நேராகப் பஃபரில் எழுதும், நிரம்பியதும் அது கோப்புக்குப் போகும். எண்களையும் ஸ்ட்ரிங் ஆக்காமல் நேரடியாக எழுதும் சார்புகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டு, எண்ணை ஸ்ட்ரிங் ஆக்கும் ஷோ வழியாகப் போனால் பழைய செலவு திரும்பி வந்துவிடும். ஆனால் இரண்டு மூன்று சிறு சொற்களை ஒட்ட பில்டர் வேண்டாம். பைட்ஸ்ட்ரிங் நூலகத்தின் பில்டர் முதல் பஃபரையே சுமார் 4 கிலோபைட்டுக்கு ஒதுக்கும்; அந்தச் சிறு வேலைக்கு ++ தாராளமாகப் போதும்.